ஒலிம்பஸ் ஏறப் போகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம். கிரேக்கக் கடவுள்கள் குடியிருந்ததாகச் சொல்லும் ஒலிம்பஸ், கதையில் மட்டும் இருக்கிற மலை இல்லை. வடக்கு கிரீஸில், ஏஜியன் கடலோரத்தை ஒட்டி ஓங்கி நிற்கிறது. அதன் உச்சி மிதிகாஸ், சுமார் 2,917 மீட்டர்.

காற்று அசைக்காத, மழை நனைக்காத, பனி அண்டாத இடம் என்று ஹோமரின் ஒடிசி இதைப் பாடுகிறது. நேரில் அப்படி இல்லை. ஜூன் மாதத்திலும் மேலே பனி கிடக்கும். கோடையில் காலை வானம் பளிச்சென்று இருக்கும்; மதியம் ஆனதும் மேகம் திரண்டு இடி இடிக்கத் தொடங்கிவிடும். இடியை ஆயுதமாக ஏந்திய ஸீயஸை இங்கே குடிவைத்தவர்கள், கீழே நின்று இந்த வானத்தைத் தினமும் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். அவனை வழிபட்ட தியோன் என்ற பழைய ஊரின் இடிபாடுகள் அடிவாரத்திலேயே இருக்கின்றன. ஏறும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

உச்சியில் மனிதர் கால் பதித்ததாகப் பதிவானது 1913 ஆகஸ்ட் 2 அன்றுதான். சுவிட்சர்லாந்துக்காரர்களான புவாசோனா, போ-போவி இருவரையும் கிறிஸ்டோஸ் கக்காலோஸ் என்ற உள்ளூர் வேட்டைக்காரர் அழைத்துப் போனார். மூடுபனியில் ஒரு சிகரத்தை எட்டி, இதுதான் உச்சி என்று மகிழ்ந்தார்கள். பனி விலகியதும் பக்கத்தில் அதைவிட உயரமாக இன்னொன்று தெரிந்தது. மறுபடி ஏறினார்கள். புவாசோனாவின் புகைப்படங்கள் மலையின் பெயரை வெளியே கொண்டுபோயின. ஆனால் வழி கண்ட கக்காலோஸை நாம் முதலில் நினைக்க வேண்டும் என்பேன்.

சரி, எப்படிப் போவது? லிதோகோரோ என்ற சிற்றூர்தான் வாசல். அங்கிருந்து பிரியோனியா வரை கார் போகும். அப்புறம் காட்டுப் பாதையில் மூன்று மணி நேரம் போல நடந்தால், சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் மலையேறிகளுக்கான தங்குமிடம் வரும். இரவு அங்கே தங்கி விடியலில் கிளம்புங்கள். மதிய மேகத்துக்கு முன் இறங்கத் தொடங்கிவிடலாம்.

மிதிகாஸின் கடைசிப் பகுதி கையும் காலும் ஊன்றி ஏறும் பாறை. மேலிருந்து கல் உருளும். ஹெல்மெட் இல்லாமல் போகவே கூடாது. பழக்கம் இல்லாதவர்கள் ஸ்கோலியோ சிகரத்துக்குப் போங்கள். 2,911 மீட்டர், நடந்தே எட்டிவிடலாம். அங்கிருந்து மிதிகாஸின் செங்குத்தான பாறைமுகத்தை எதிரே முழுசாகப் பார்க்கலாம். மிதிகாஸின் மேல் நிற்பவருக்கு அந்தக் காட்சி கிடைக்காது.