மூக்கைத் தானாக நீட்டட்டும்: இழுக்கிற நாய்க்கு ஹெட் ஹால்டர் பழக்குற விதம்

[காட்சி: அதிகாலை, மரைன் டிரைவ். ஒரு பக்கம் தண்டவாளமும் கடலும்.]

வெள்ளவத்தை மரைன் டிரைவில காலமை ஆறு மணிக்குப் போய் நிண்டு பாருங்கோ. சில பேர் நாயை நடத்திக்கொண்டு வருகினம். சில பேரை நாய் இழுத்துக்கொண்டு வருது. அந்த நேரம் பாத்து பாணந்துறைப் பக்கமிருந்து கோட்டைக்குப் போற ரயில் கூவிக்கொண்டு வந்தா, நாய் ஒரு திசை, ஆள் ஒரு திசை.

இப்பிடி இழுக்கிற நாய்களுக்குத்தான் ஹெட் ஹால்டர், நாயின்ர தலையில மாட்டுற பட்டி. ஆனா கடையில வாங்கி, அண்டைக்குப் பின்னேரமே மாட்டி, கேற்றைத் திறந்தா என்ன நடக்கும்? நாய் றோட்டில படுத்துடும். முன்னங்காலால மூக்கைப் பிராண்டும், மூஞ்சியை நிலத்தில தேய்க்கும். போறவாற ஆக்கள் நிண்டு பாப்பினம். வீட்டுக்காறர் வெக்கத்தில கழட்டி லாச்சிக்குள்ள போட்டுடுவார். வீட்டுக்குள்ள செய்து முடிக்கவேண்டிய வேலையை றோட்டில தொடங்கினதால வாற வினை இது.

[காட்சி: மேசையில் ஹால்டர். கை ஒவ்வொரு பகுதியாகத் தொட்டுக் காட்டுகிறது.]

ரெண்டு பட்டிதான். ஒண்டு கழுத்தின்ர உச்சியில, காதுக்கு உடன பின்னால வரும். மற்றது மூக்கைச் சுத்திப் போகும், அதுதான் மூக்கு வளையம். கயிறு கொளுவுற வளையம் தாடைக்குக் கீழ இருக்கு. மாட்டை ஒருத்தரும் மல்லுக்கட்டித் திருப்பிறேல்லை. மூக்கணாங்கயிறை மெல்லப் பிடிச்சாத் தலை திரும்பும், தலை போற பக்கம் உடம்பு போகும். இதுவும் அதே கணக்கு, மூக்கில துளை இல்லாமல். சாதாரணக் கழுத்துப் பட்டியில நாய் நெஞ்சையும் தோளையும் குடுத்து இழுக்கும், அதுக்குப் பலமே அங்கதான். தொண்டையும் நெரிபடும். ஹால்டரோட பாஞ்சா, அந்தப் பாய்ச்சலே மூக்கை எங்கட பக்கம் திருப்பிவிடும்.

கூடுதலாக் கேள்விப்படுற பேர் ரெண்டு. ஹால்டி, இங்கிலாந்தில விலங்கு நடத்தை நிபுணர் ரொஜர் மக்ஃபோர்ட் உருவாக்கினது. ஜென்டில் லீடர், அமெரிக்காவின்ர மினசோட்டாவில கால்நடை வைத்தியர் ஆர்.கே. அண்டர்சனும் பயிற்சியாளர் ரூத் ஃபோஸ்டரும் 1980களில செய்தது. எதை வாங்கினாலும் பழக்குற விதம் ஒண்டுதான்.

[காட்சி: ஒரு வீட்டு ஹோல். லாப்ரடோர் கலப்பு நாய் ஒன்று, பக்கத்தில் வீட்டுக்கார அக்கா.]

இண்டைக்கு எங்களுக்கு நடிச்சுக் காட்டப்போறது பிரௌனி. 28 கிலோ. வீட்டுக்காற அக்கா முதல் கேட்ட கேள்வி, எல்லாரும் கேக்கிறதுதான்.

"தம்பி, வாயைக் கட்டினாப் பாவமெல்லோ? மூச்சு வாங்கேலுமோ?"

"இது வாய்க்கூடு இல்லை அக்கா. பாருங்கோ, கொட்டாவி விடுறா."

வாய் முழுசாத் திறக்கும். தண்ணி குடிக்கும், பிஸ்கட் தின்னும், குரைக்கும், ஏன், கடிக்கவும் ஏலும். அதால கடிக்கிற நாய்க்கு இதை நம்பி இருக்கவேண்டாம். கொழும்பு வெக்கையில நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இளைச்சுத்தான் உடம்புச் சூட்டைக் குறைக்கும். வாயை இறுக்கி மூடுற துணிக்கூட்டோட நடக்க விட்டா ஆபத்து. ஹால்டரில அந்தப் பயம் இல்லை, அளவு சரியா இருந்தா.

அளவு எண்டா? கழுத்துப் பட்டி ஒரு விரல் மட்டும் நுழையிற அளவுக்கு. இறுக்கமாத் தெரியும், ஆனா தொண்டைக்கு மேல, தாடையோட ஒட்டி இருக்கிறதால நெரிக்காது. மூக்கு வளையம் கண்ணுக்குக் கீழ, வாய்க் கடைக்குப் பின்னால. முன்னுக்கு இழுத்தா மூக்கின்ர மெத்தைப் பகுதி வரைக்கும் வரலாம், கழண்டு வரக்கூடாது. நிறையப் பேர் பாவம் பாத்துக் கழுத்துப் பட்டியைத் தளர விடுகினம். அப்ப வளையம் ஆடி ஆடி மூக்கை உரசும், கண்ணுக்கும் ஏறும். பாவம் பாத்தது நாய்க்குத்தான் வினை.

[காட்சி: அக்காவின் ஒரு கையில் மூக்கு வளையம், மறு கையில் அவித்த கோழி.]

இனித்தான் உண்மையான வேலை. பட்டியைக் கழுத்தில போடவேண்டாம். வளையத்தை மட்டும் அகலமாப் பிடியுங்கோ. அதுக்கு அந்தப் பக்கம் உப்புப் போடாமல் அவிச்ச கோழித்துண்டு. வளையத்தை நாயின்ர மூஞ்சிக்குக் கொண்டுபோகக் கூடாது. நாய் தன்ர மூக்கை உள்ளுக்கு நீட்டி எடுத்துத் தின்னட்டும். ஒரு அங்குலம் நீட்டினாலும் காணும். தின்னட்டும், மூக்கை வெளியில எடுக்கட்டும், திரும்பவும். வளையம் மறைஞ்சா இறைச்சியும் மறையவேணும். கொஞ்ச நேரத்தில வளையத்தைக் கண்டாலே மூக்கை நீட்டிக்கொண்டு வருவா. இதோ, பாத்தீங்களோ? வால் ஆடுது. இந்த வால் ஆடாமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதேங்கோ.

ஒரு தடவைக்கு ரெண்டு மூண்டு நிமிசம் போதும், ஒரு நாளைக்கு ரெண்டு மூண்டு தரம். இறைச்சித் துண்டு சுண்டு விரல் நகத்தளவு. சாப்பாட்டுக்கு முதல் செய்தா நல்லாப் பசிக்கும்.

பிறகு மூக்கு உள்ளுக்கு இருக்கிற நேரத்தைக் கூட்டவேணும். கரண்டியில கொஞ்சம் தயிர் தடவி நக்க விடுங்கோ, அது நக்கி முடியும் வரைக்கும் மூக்கு அங்கயே இருக்கும். கச்சான் பட்டரும் நல்லம், ஆனா போத்தில் லேபலில சைலிட்டோல் (சீனிக்குப் பதிலாப் போடுற இனிப்பு) எண்டு இருந்தாத் தொடாதேங்கோ, நாய்க்கு நஞ்சு. நக்கிற நேரம் கழுத்துப் பட்டியைப் பின்னால கொண்டுபோய்த் தொட்டுக் காட்டுங்கோ, பூட்டவேண்டாம். 'கிளிக்' எண்ட சத்தத்துக்குச் சில நாய்கள் திடுக்கிடும். பக்கிளைத் தூரத்தில வச்சுப் பூட்டித் திறந்து, சத்தம் கேட்டதும் ஒரு துண்டு குடுங்கோ. அது பழகினாப்பிறகு மாட்டிப் பூட்டி, உடன ஒரு துண்டு, உடன கழட்டல்.

[காட்சி: ஹால்டருடன் பிரௌனி. முன்னங்காலால் மூக்கைத் தட்டுகிறது.]

மூக்கைத் தட்டுறா. எல்லா நாயும் ஒருக்கா ரெண்டுதரம் தட்டும். "விடுங்கோ, அதுவே அடங்கும்" எண்டு சொல்லுற ஆக்கள் இருக்கினம். எனக்கு அதில உடன்பாடு இல்லை. சும்மா தட்டினா, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு நாலு அடி நடத்துங்கோ, இறைச்சி குடுங்கோ. கால் நடக்கேக்க மூக்கைத் தட்டேலாது. அமைதியா நிக்கிற கணத்தில கழட்டுங்கோ. ஆனா உருளுறது, வெள்ளைமுழி தெரியிறது, இறைச்சியைக் கண்டும் தின்னாமல் விடுறது, இது பயம். கழட்டிப்போட்டு முந்தின கட்டத்துக்குத் திரும்புங்கோ. அடங்கினது போலத் தெரியிற நாய் பல நேரம் பயத்தில உறைஞ்சுபோய்த்தான் நிக்கும்.

ஹோலுக்குள்ள கயிறு இல்லாமல் ஹால்டரோட உலாவப் பழகினாப்பிறகுதான் கயிறு. ஹால்டர் கழண்டா நாய் பெரிய றோட்டில, காலி வீதியில நிக்கும், அதால தாடை வளையத்தைச் சாதாரணக் கழுத்துப் பட்டியோட சேர்க்கிற சின்னப் பாதுகாப்புப் பட்டி கட்டாயம். முதல்ல பிளற்றின்ர கொரிடோர், பிறகு லேன், அதுவும் ஓட்டோ ஓடத் தொடங்க முதல்.

[காட்சி: ஒரு லேன். அக்காவின் கையில் கயிறு தொய்ந்து தொங்குகிறது.]

கயிறைப் பாருங்கோ, தொய்ஞ்சு கிடக்கு. அது இறுகினா நில்லுங்கோ. மெல்லமா ஒரு பக்கம் திருப்பி, நாய் திரும்பின உடன தளத்துங்கோ. வெட்டி இழுக்கிறது அறவே கூடாது. தலையில மாட்டின கயிறை உதறினாக் கழுத்து எலும்பில படும். இதே காரணத்துக்காக நீண்டு சுருங்கிற கயிறும் வேண்டாம், கேற்றில கட்டிவிடுறதும் வேண்டாம்.

தெருநாய் வந்தா? எங்கட லேனுகளில வராமல் இராது. ஹால்டர் போட்ட நாய்க்குத் தலையை நினைச்சபடி திருப்பேலாது, மற்ற நாய் அதைப் பிழையா விளங்கிக்கொள்ளலாம். கிட்ட வரும் வரைக்கும் நிக்காமல், கண்ட உடன பின்னால திரும்பி மற்றப் பக்கத்துக்குக் கடந்துடுங்கோ.

பக், ஷிட்சு மாதிரி மூக்குக் கட்டையான நாய்களுக்கு இது நிக்காது. கழுத்தெலும்பில வருத்தம் உள்ளதுக்கும் கூடாது. அதுகளுக்கு நெஞ்சுப் பக்கம் கயிறு கொளுவுற ஹார்னஸ் இருக்கு. எவ்வளவு பழக்கியும் மூக்கு வளையத்தைக் கண்டாக் கட்டிலுக்குக் கீழ ஓடுற நாய்க்கும் அதுவே நல்லம், பிடிவாதம் பிடிக்கவேண்டாம்.

நடந்து வந்த உடன கழட்டுங்கோ, வீட்டில போட்டு விட்டாக் கடிச்சுத் துண்டாக்கும். மூக்கில முடி உதிருதோ எண்டு பாருங்கோ. மழையில நனைஞ்ச நைலோன் உரசும், காய வச்சுத்தான் திரும்பப் போடோணும். கடற்கரைப் பக்கம் இருக்கிற ஆக்கள் கயிற்றுக் கிளிப்பின்ர ஸ்பிரிங்கையும் பாருங்கோ, உப்புக் காத்தில கெதியாக் கறள் பிடிக்கும்.

[காட்சி: லேன் முனை. அக்கா குனிந்து கயிறை மாற்றிக் கொளுவுகிறார்.]

காலம் முழுக்க இதைப் போடத் தேவையில்லை. தொய்ஞ்ச கயிற்றில நடக்கிறதுக்குச் சாதாரணக் கழுத்துப் பட்டியோடயும் இறைச்சி குடுத்துப் பழக்கிக்கொண்டு வாங்கோ. அக்கா இப்ப லேனுக்குள்ள கழுத்துப் பட்டி, சனமும் வாகனமும் கூடின இடத்துக்கு மட்டும் ஹால்டர் எண்டு வச்சிருக்கிறா. காலி வீதி முனை வந்ததும் ஒரு துண்டு கோழி, கயிறு மாறும்.