"இந்த வாரம் எங்கப்பா வேலை?" – தொற்றுநோயில் நல்ல தேர்வுக் கேள்வி எப்படி இருக்கும்?

[காட்சி: சுங்கை சிப்புட், விடியற்காலை. செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துப் பாதையில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போகும் ஆட்கள்.]

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்தை ஒட்டிய ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள் நான். அப்பா தோட்டத்துக் கிளினிக்கில் டிரசர், அதாவது மருத்துவ உதவியாளர். காய்ச்சல் என்று யார் வந்து நின்றாலும், தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே அவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "இந்த வாரம் எங்கப்பா வேலை?" குலை வெட்டா, கால்வாய் தூர்வாருவதா, காட்டோரத்தில் புல் அடிப்பதா என்று தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

இன்று நான் மருத்துவ மாணவர்களுக்கு நுண்ணுயிரியல் நடத்துகிறேன். கேள்வித்தாள் எழுத உட்காரும்போதெல்லாம் அப்பாவின் அந்தக் கேள்வி நினைவுக்கு வந்துவிடும். ஒரு மாணவருக்குத் தொற்றுநோய் பற்றி உண்மையிலேயே தெரிகிறதா என்று எப்படிச் சோதிப்பது? அதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

முதலில் இரண்டு கேள்விகள்.

[திரையில்: கேள்வி 1]

லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியாவின் வடிவம் என்ன? விடை: சுருள். முனை கொக்கி போல வளைந்திருக்கும். புத்தகத்தை முந்தைய நாள் இரவு புரட்டியவர் யாரும் சொல்லிவிடுவார்.

[திரையில்: கேள்வி 2]

செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் 42 வயதுக்காரர். நான்கு நாளாகக் கடும் காய்ச்சல். கெண்டைக்காலைத் தொட்டாலே துடிக்கிறார். இரண்டு கண்ணும் சிவந்திருக்கின்றன, ஆனால் பீளை இல்லை. இன்று கண்ணில் லேசாக மஞ்சள் தட்டுகிறது. லெப்டோஸ்பைராவுக்கான எதிர்ப்பொருள் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. அடுத்து என்ன செய்வீர்கள்?

இரண்டும் ஒரே நோயைப் பற்றியவைதான். நம் ஊரில் எல்லாரும் கெஞ்சிங் திகுஸ் என்று சொல்லும் எலிக் காய்ச்சல். செம்பனைப் பழம் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலியின் சிறுநீரகத்தில் கிருமி குடியிருந்து, சிறுநீரோடு ஈர மண்ணுக்கும் தேங்கிய தண்ணீருக்கும் வரும். முள் கிழித்த கை, வெடித்த பாதம், அது போதும் உள்ளே நுழைய. மலேசியாவில் 2010-இலிருந்து இது சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்.

இரண்டாவது கேள்வியில் இருக்கும் கண்ணி அந்த ரத்தப் பரிசோதனை. உடல் எதிர்ப்பொருள் தயாரித்து அது ரத்தத்தில் தென்படவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். நான்காம் நாளில் 'இல்லை' என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை. ஆண்டிபயாட்டிக்கை உடனே தொடங்கி, சில நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும். 'நெகட்டிவ்' என்ற ஒரு சொல்லைப் பார்த்து நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் மாணவர், முதல் கேள்வியில் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாலும் எனக்குக் கவலைதான்.

தேர்வுக் கேள்வி எழுதுகிறவர்களுக்கு ஒரு பழைய விதி உண்டு. ஐந்து விடைகளையும் கையால் மூடிவிட்டுக் கேள்வியை மட்டும் படியுங்கள். விவரம் தெரிந்தவர் அப்போதே பதில் சொல்ல முடிந்தால் அது நல்ல கேள்வி. 'கீழ்க்கண்டவற்றுள் எது சரி?' என்று மொட்டையாக ஆரம்பிக்கும் கேள்வி இதில் தேறவே தேறாது.

சரி, அதே மனிதரையே வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு விவரத்தை மாற்றுகிறேன். இந்த வாரம் அவருக்குக் காட்டோரத்தில் புல் வெட்டும் வேலை. அக்குளில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு. இப்போது விடையே மாறிவிட்டது. இது ஸ்க்ரப் டைபஸ். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத உண்ணிக் குஞ்சு கடித்து வருவது. எலிக் காய்ச்சலுக்குக் கேட்கும் பெனிசிலின் இதற்குக் கேட்காது, ஏனென்றால் இந்தக் கிருமி நம் செல்லுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். டாக்சிசைக்ளின் இரண்டுக்கும் கேட்கும்.

ஆனால் இந்தக் கேள்வியில் ஒரு குறை இருக்கிறது, கவனித்தீர்களா? அந்தப் பொருக்கு வலிக்காது. நோயாளி அதைச் சொல்லவே மாட்டார், அவருக்கே தெரியாது. சட்டையைக் கழற்றச் சொல்லி, அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு மடிப்பு எல்லாம் தேடிப் பார்க்க வேண்டும். கேள்வித்தாளில் 'அக்குளில் பொருக்கு' என்று எழுதியபோதே, மாணவர் செய்ய வேண்டிய கடினமான வேலையை நானே செய்து கொடுத்துவிட்டேன்.

இதனால்தான் எழுத்துத் தேர்வு மட்டும் போதாது. 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டனும் அவருடைய குழுவினரும் ஒரு புதுத் தேர்வு முறையை வெளியிட்டார்கள். ஓஸ்கி என்று சொல்வோம். மாணவர் மேசைக்கு மேசை நகர்ந்து போவார். ஒவ்வொன்றிலும் சில நிமிடம், ஒரு வேலை. ஒரு மேசையில் நோயாளியாக நடிப்பவர் உட்கார்ந்திருப்பார். அவர் அக்குளில் ஒரு கறுப்புப் பொட்டை ஒட்டி அனுப்பலாம். கையைத் தூக்கச் சொல்கிறவருக்கு மதிப்பெண். சொல்லாதவர், கிருமியின் முழுப் பெயரையும் ஒப்பித்தாலும் அந்த மேசையில் தோல்விதான்.

இந்த நோயை வைத்துக் கோலாலம்பூரில் நடந்த ஒரு சம்பவம் உண்டு. 1948-இல் ஜோசப் ஸ்மேடல் தலைமையில் அமெரிக்க மருத்துவக் குழு ஒன்று அங்குள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு வந்து, குளோராம்பெனிகால் என்ற புது மருந்தை ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. அப்படிச் சேர்க்கப்பட்டவர்களில் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு. தவறான நோயின் பேரில் மருந்து போனது, ஆனால் அவர்கள் தேறினார்கள். அதுவரை டைபாய்டுக்கு உருப்படியான மருந்தே கிடையாது. வழி திறந்தது அங்கேதான். அனுபவம் உள்ள மருத்துவர்களுக்கே இந்த இரண்டு காய்ச்சலும் குழம்பியது என்றால், மாணவர் தடுமாறுவதைப் பார்த்து நாம் கோபப்படக் கூடாது. அந்தத் தடுமாற்றத்தைத் தேர்வறையிலேயே சந்திக்கவைப்பது நல்லது.

அப்புறம் மெலியோய்டோசிஸ். இதை நான் எந்த ஆண்டும் கேள்வித்தாளிலிருந்து விடுவதில்லை. மழைக்காலத்துச் சேற்றில் இருக்கும் கிருமி. சர்க்கரை வியாதி உள்ளவரைத்தான் அதிகம் பிடிக்கும். நம் தோட்டங்களில் சர்க்கரை இல்லாத வீடு எத்தனை? நுரையீரலில் சளிக் காய்ச்சல் போல வரலாம், கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ் கட்டலாம், மாதக்கணக்கில் இழுத்து காசநோய் போலவும் தோன்றலாம். 1911-இல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் சேர்ந்து இதை முதலில் கண்டார்கள். பிறகு 'விட்மோர் நோய்' என்றே வழங்கியது. கிருஷ்ணசாமியின் பெயர் எப்படியோ விட்டுப்போயிற்று. மாணவர்கள் இரண்டு பெயரையும் எழுத வேண்டும் என்று நான் கேட்பேன். மெலியோய்டோசிஸ் என்ற பெயரை வைத்த ஸ்டாண்டனும் பிளெட்சரும் வேலை செய்தது நம் கோலாலம்பூரில்.

இதற்கு நான் கொடுப்பது ஒரு பரிசோதனைக்கூட அறிக்கை. 'ரத்தத்தில் சூடோமோனாஸ் வகை வளர்ந்துள்ளது, வெளியிலிருந்து கலந்த கிருமியாக இருக்கலாம்.' நோயாளி சர்க்கரை உள்ள பால்மரத் தொழிலாளி. இந்த அறிக்கையை ஏற்பீர்களா? ஏற்கக் கூடாது. மெலியோய்டோசிஸ் கிருமியே அந்தப் பெயரில் தவறாக எழுதப்பட்டிருக்கலாம். பரிசோதனைக்கூடத்துக்குப் போன் செய்து, இவர் யார், என்ன வேலை, என்ன வியாதி என்று சொல்ல வேண்டும். வழக்கமான பெனிசிலினும் ஜென்டாமைசினும் பொதுவாக இதற்கு உதவாது. செஃப்டாசிடைமோ மெரோபெனமோ ஊசியில் போட்டு, பிறகு குறைந்தது 3 மாதம் மாத்திரை. வெறும் 'கலப்பு' என்று ஒதுக்கிவிட்டால் ஓர் உயிர் போகும்.

மைக்ராஸ்கோப் தேர்வுக்கும் எல்லை உண்டு. சரவாக்கின் காப்பிட்டில் பல்பீர் சிங் குழு 2004-இல் காட்டியது இதுதான்: ஸ்லைடைப் பார்த்து ஒரு வகை மலேரியா என்று எழுதப்பட்டவற்றில் பல, உண்மையில் குரங்கிலிருந்து வரும் நோலெசி மலேரியா. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் நோலெசி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகும், ஆளைச் சீக்கிரம் சாய்த்துவிடும்.

கடைசியாக ஒரு கேள்வி. இதற்கு நான் விடைப்பட்டியல் கொடுப்பதில்லை, இரண்டு வரி இடம் மட்டும் விடுகிறேன்.

[திரையில்: கேள்வி 3]

1998 கடைசி. பன்றிப் பண்ணைகள் உள்ள ஊர்களில் மூளைக் காய்ச்சல். ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முடிவாகி, கொசு மருந்து அடிக்கிறார்கள், தடுப்பூசி போடுகிறார்கள். பரவல் நிற்கவில்லை. இந்த முடிவோடு ஒட்டாத விவரங்களைக் கண்டுபிடிக்க, நோயாளியின் வீட்டில் நீங்கள் என்ன கேட்பீர்கள்?

வீடியோவை இங்கே நிறுத்தி எழுதிப் பாருங்கள்.

[ஐந்து நொடி இடைவெளி.]

வீட்டில் பிள்ளைகளுக்கு வந்ததா? கொசு எல்லாரையும்தான் கடிக்கும், ஆனால் விழுந்தவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவரா? போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். பன்றியைக் கையால் தொட்டுப் பிடித்தவர் யார்? வீட்டுக்குள் அவர்தான் படுத்திருந்தார். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் அந்தப் புது வைரஸைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா என்ற ஊரின் பெயரே அதற்கு வந்தது. பரவல் அடங்குவதற்குள் மலேசியாவில் 265 பேருக்கு நோய் வந்து, 105 பேர் இறந்திருந்தார்கள்.