சுண்டுவிரலும் பத்துக் கோடி உயிர்களும்

[திரையில்: இருட்டறை, போன் வெளிச்சத்தில் ஒரு முகம்]

எங்கோ ஒரு தூர தேசத்தில் நிலநடுக்கம். சரிந்து கிடக்கும் கட்டிடங்களை ராத்திரி படுக்கையில் போனில் பார்க்கிறோம். "ஐயோ பாவம்" என்கிறோம். விரல் அடுத்த வீடியோவைத் தள்ளுகிறது. கொஞ்ச நேரத்தில் தூங்கியும் விடுகிறோம். அதே ராத்திரி ஒரு கடைவாய்ப்பல் வலித்தால்? விடிய விடிய கண் மூட மாட்டோம்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். சரி, அப்படியென்றால் நல்லது கெட்டது என்று நாம் சொல்லும் தீர்ப்பெல்லாம் வெறும் வேஷமா?

இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தவர் ஸ்காட்லாந்துப் பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித். கசாப்புக்காரரும் ரொட்டிக்காரரும் நமக்குச் சாப்பாடு தருவது அவரவர் ஆதாயத்துக்காகத்தான் என்று 1776இல் எழுதினாரே, அதே ஸ்மித். அதற்கு 17 ஆண்டுகளுக்கு முன், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, ஒழுக்க உணர்வுகளைப் பற்றி அவர் ஒரு நூல் வெளியிட்டார். பணத்தைப் பற்றிய நூலை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு இதை நாம் மறந்துவிட்டதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

[திரையில்: கயிற்றில் நடக்கும் கழைக்கூத்தாடி, கீழே கூட்டம்]

இந்தக் கூட்டத்தைப் பாருங்கள். கயிற்றில் இருப்பவர் இடப்பக்கம் சாய்ந்தால், கீழே நிற்பவர்களின் உடம்பும் தானாக நெளிகிறது. அவர் இடத்தில் தங்களை வைத்துப் பார்க்கிறார்கள். ஸ்மித் சொல்லும் பரிவு இதுதான். இது இரக்கத்தோடு நிற்பதில்லை. அடுத்தவரின் சந்தோஷத்தோடும் கோபத்தோடும்கூட மனசு சேர்ந்து போகிறது. எதுவரை போகிறதோ அதுவரைதான் 'நியாயம்' என்கிறோம். வண்டியில் சின்னக் கீறல் விழுந்ததற்கு ஒருவர் திட்டினால் புரிகிறது. கையை ஓங்கினால், நம் மனசு பாதி வழியில் நின்றுவிடுகிறது.

ஆனால் பரிவு தூரத்துக்கு எட்டாது. ஸ்மித்துக்கும் இது தெரியும். சீனா முழுவதும் பூகம்பத்தில் அழிந்தது என்று கேட்கும் ஐரோப்பியர் ஒருவரைக் கற்பனை செய்கிறார். நாளைக்குத் தன் சுண்டுவிரல் போகும் என்றால் அவருக்குத் தூக்கம் வராது. பார்த்தே இராத பத்துக் கோடிப் பேர் செத்தால் குறட்டை விடுவார்.

அடுத்த கேள்விதான் என்னை உலுக்கியது. அந்தச் சுண்டுவிரலைக் காப்பாற்ற, அந்தப் பத்துக் கோடி உயிர்களைக் கொடுக்க அவர் சம்மதிப்பாரா? நினைத்தாலே உடம்பு பதறுகிறது.

ஏன்? உணர்ச்சி அவ்வளவு சுயநலமாக இருக்கும்போது, எது அவரைத் தடுக்கிறது? இளகிய மனசுக்கு அத்தனை பலம் கிடையாது என்கிறார் ஸ்மித். நமக்குள்ளே ஒரு நடுநிலைப் பார்வையாளர் இருக்கிறார். நமக்கும் வேண்டியவர் இல்லை, எதிராளிக்கும் வேண்டியவர் இல்லை. கூட்டத்தில் நீயும் ஒருவன்தான் என்று காட்டுவது அவர் கண். ஓட்டப்பந்தயத்தில் முழுமூச்சாக ஓடினால் அவர் ஒன்றும் சொல்வதில்லை. பக்கத்தில் ஓடுபவரைத் தள்ளிவிட்டால் அவர் முகம் மாறிவிடும்.

[திரையில்: பழைய அச்சுப் பக்கம், கீழே 1790]

சாவதற்குச் சில மாதங்களுக்கு முன்பும் ஸ்மித் இந்த நூலைத் திருத்திக்கொண்டிருந்தார். அப்போது சேர்த்த ஓர் அத்தியாயத்தில், பணக்காரரையும் செல்வாக்குள்ளவரையும் அண்ணாந்து பார்க்கும் நம் குணத்தைப் பற்றி எழுதினார். அவர்கள் பக்கம் நம் மனசு சட்டென்று சாய்கிறது, ஏழையை அலட்சியமாகக் கடந்து போகிறது. நம் நியாய உணர்வு கெட்டுப்போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் அவருக்குத் தெரியவில்லை.

[திரையில்: மறுபடியும் அதே போன். யார் வீட்டுச் செய்தியில் விரல் நிற்கிறது?]