குடும்பம் கொடுத்தது இனிஷியல் மட்டும்தானா?

நடுவர் அவர்களே, குடியாத்தத்துப் பெருமக்களே, வணக்கம். எதிரணித் தலைவர் வணக்கம் சொல்லவே மூணு நிமிஷம் எடுத்துக்கிட்டாரு. எனக்கு மொத்தமே பத்து நிமிஷம். ஒத்த வணக்கத்தோட நிறுத்திக்கிறேன்.

எழுதப் படிக்கக் கத்துக்கிறதுல பெரும்பங்கு பள்ளிக்கூடத்துக்கா, குடும்பத்துக்கா? இதுதான் தலைப்பு. நான் குடும்பத்துக்காகப் பேச வந்திருக்கேன்.

வேலூரைப் பத்தி ஒரு பழைய பேச்சு உண்டு. தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். 1981-ல ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள்ள திரும்பி வந்துட்டாரு. 2021-ல பாலாத்துல வெள்ளமே வந்துடுச்சு. எதிரணிப் பேச்சுல விஷயம் மட்டும் இன்னும் வந்து சேரல. மெதுவா தட்டுங்க, கைத்தட்டலை என் நேரத்துல கழிச்சிடுவாங்க.

அவரு இன்னா சொன்னாரு? "தமிழ்ல 247 எழுத்து. அதுல குடும்பம் குடுத்தது ஒரே ஒரு எழுத்து, இனிஷியல். மிச்சம் 246-ஐயும் பள்ளிக்கூடம்தான் குடுத்துச்சு." நீங்களும் சிரிச்சீங்க, நானும் சிரிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கணக்கு உதைக்குதே!

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒண்ணு. இந்த 216-ஐயும் தனித்தனியா யாரும் கத்துக்கிறதில்ல. துணைக்காலும் கொம்பும் பிடிபட்டா கா, சா, கெ, செ எல்லாம் தானா வந்துடும். தானா வராதது உகரமும் ஊகாரமும். கு ஒரு மாதிரி வளையும், சு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி, மு வேற மாதிரி. குறில் 18, நெடில் 18, ஆக 36. அந்த 36-ஐயும் பெரும்பாலும் எழுதி எழுதித்தான் கைக்குக் கொண்டுவரணும். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு அழுகை வர்ற இடம் அது. டீச்சருக்கு நேரம் எவ்வளவு? சட்டப்படியே தொடக்கப் பள்ளியில 30 பிள்ளைக்கு ஒரு டீச்சர். 40 நிமிஷப் பீரியடை 30-ஆல வகுங்க. ஒரு பிள்ளைக்கு 80 விநாடி. அதுக்குள்ள ஒருத்தன் ஒண்ணுக்குப் போகணும்பான், ஒருத்தி பலப்பத்தைத் தின்னுகினு இருப்பா. டீச்சர் மேல தப்பு இல்ல. மிச்ச நேரத்துக்கு வூட்லதான் ஆள் வேணும்.

நம்ம ஊர்ப் பேரையே எழுதிப் பாருங்க. வேலூர். காதுல முதல்ல விழறது வ. கை முதல்ல போட வேண்டியது இரட்டைக் கொம்பு. பிள்ளை கேட்டபடி வ-வை எழுதிட்டு அப்பறமா கொம்புக்கு இடம் தேடும். பின்னால போட்டா அது லூ-வோட கொம்பு மாதிரி ஆயிடும். முன்னால நுழைக்கலாம்னா மார்ஜின் கோடு இடிக்கும். பஸ்ஸுல ஜன்னலோரம் உக்கார வெச்சு, எதிர்ல வர்ற வண்டியோட போர்டைப் படிடான்னு சொன்னது எந்த டீச்சர்? ஒடுகத்தூர், ஆற்காடு, பேரணாம்பட்டு. எழுத்துக்கூட்டிப் படிக்கிற வரைக்கும் பஸ்ஸு காத்துகினு இருக்காது. முழுப் பேரையும் ஒரே பார்வையில பிடிக்கணும். சரளமாப் படிக்கிற பழக்கம் அங்கதான் ஆரம்பிக்குது.

விஜயதசமிக்குத் தாம்பாளத்துல அரிசி பரப்பி அ எழுத வைக்கிறோம். அரிசி மணி பெருசு, சுழி போட்டா கலைஞ்சிடும். விவரமான ஆயா மறுநாளே அரிசியைக் கொட்டிட்டு கேவுரு எடுத்துக்குவா. பொடி மணி, சுழி அப்படியே நிக்கும். அதையும் மெல்லிசாத்தான் பரப்பணும். கனமாப் போட்டா ரெண்டு பக்கமும் சரிஞ்சு கோட்டை மூடிடும். அ-வுல சுழி, வளைவு, நேர்க்கோடு எல்லாமே இருக்கு. அதனால ஆயா ட-வுல ஆரம்பிப்பா. கீழ ஒரு இழுப்பு, பக்கத்துல ஒரு இழுப்பு, எழுத்து முடிஞ்சுது. அடுத்தது ப, அப்பறம் ம.

தாத்தா பழைய லை எழுதிக் குடுத்து, டீச்சர் அதைச் சிவப்பு மையால சுழிச்ச கதையையும் எதிரணி சொன்னாங்க. வாஸ்தவம்தான். 1978-ல அரசாங்கம் மாத்தினது 13 எழுத்து. அந்த 13-ஐ எதிரணிக்கே விட்டுத் தர்றேன், பொழைச்சுப் போகட்டும்.

அவரு இனிஷியலோட நிறுத்தியிருக்கலாம். கடைசியா, "கைநாட்டு வைக்கிற அப்பா அம்மா இன்னாத்தைச் சொல்லிக் குடுத்துடுவாங்க?"ன்னு ஒரு போடு போட்டாரு பாருங்க, அங்க மாட்டிக்கிட்டாரு.

பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு அம்மா. பீடி சுத்தறவங்க, ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு கூலி. எலையை ஊறப்போட்டு, தகடு வெச்சு வெட்டி, மொறத்தை மடியில வெச்சுகினு தூள் போட்டுச் சுத்தி நூல் கட்டணும். கை ரெண்டும் வேலையில, கண்ணு எலையில. சும்மா இருக்கறது காது மட்டும். ரெண்டாங்கிளாஸ் பையனைப் பக்கத்துல உக்கார வெச்சு, "சத்தமா படிடா"ன்னாங்க. அம்மாவுக்கு ஒரு எழுத்து தெரியாது. அது பையனுக்கு நல்லாத் தெரியும்.

புஸ்தகத்தைத் தொறந்தான். படத்துல ஒரு நரி, ஒரு கெணறு. "ஒரு நரி இருந்துச்சாம், கெணத்துல வுழுந்து செத்துப்போச்சாம்." மூடிட்டு விளையாட ஓடிட்டான். மறுநாள் அம்மா, "நேத்து படிச்சதையே படி"ன்னாங்க. "ஒரு நரி இருந்துச்சாம், கெணத்துல தண்ணி குடிச்சிட்டு வூட்டுக்குப் போச்சாம்." அம்மா நூலைக் கட்டிகினே கேட்டாங்க: "இன்னாடா, நேத்து செத்த நரி இன்னிக்கி எப்படிடா வூட்டுக்குப் போச்சு?"

திங்கக்கிழமை செத்த நரி செவ்வாக்கிழமை வூட்டுக்குப் போகுது! சி.எம்.சி.யில கூட அவ்வளவு சீக்கிரம் டிஸ்சார்ஜ் பண்ண மாட்டாங்களே!

இருங்க, இன்னும் முடியல. புதன்கிழமை பையன் உஷாராயிட்டான். பக்கத்து வூட்டு அக்காகிட்ட பாடத்தைக் கேட்டு மனப்பாடம் பண்ணிகினு வந்து, ஒரு சொல்லு பிசகாம ஒப்பிச்சான். அம்மா பீடித்தூள் ஒட்டின கட்டை விரலை வரியோட நடுவுல வெச்சாங்க. "இது இன்னா?" பையன் வரியோட மொதல்லேருந்து வாய்க்குள்ளயே எண்ணிகினு வந்து, "கெணறு"ன்னான். சரியாத்தான் சொன்னான். ஆனா உதடு அசைஞ்சதை அம்மா பாத்துட்டாங்க. "கடைசி சொல்லுலேருந்து திருப்பிப் படி." திணறிட்டான். படத்தை உள்ளங்கையால மூடினாங்க. நரியும் போச்சு, கெணறும் போச்சு, பையன் அழுவறான். அன்னிலேருந்து ஒவ்வொரு எழுத்தாப் பாத்து நெசமாவே படிக்க ஆரம்பிச்சான்.

நடுவர் அவர்களே, பிள்ளை படிக்குதா, இல்ல ஒப்பிக்குதான்னு கண்டுபிடிக்க விவரம் தெரிஞ்ச வாத்தியாரு எவரும் செய்யிறது இதுதான். அதே பக்கத்தை மறுபடி படிக்க விடுவாங்க, நடுவுல ஒரு சொல்லைக் கேப்பாங்க, படத்தை மறைப்பாங்க. எந்த ட்ரெயினிங்கும் போகாம, அ எது ஆ எதுன்னு தெரியாத ஒரு பொம்பளை மூணே நாள்ல அத்தனையும் பண்ணியிருக்கா. அதுக்கும் எழுத்தறிவு இல்லேன்னுதான் எதிரணி சொல்றாங்க.

அந்தப் பையன் படிச்சு இன்னா பண்ணான் தெரியுமா? மொத வேலையா அம்மாவோட பீடி பாஸ் புக்கை எடுத்துப் படிச்சான். குடுத்தது எண்ணூறு, எழுதியிருந்தது எழுநூறு. அந்த வூட்ல எழுத்து குடுத்த மொத சம்பளம், அந்தத் திரும்பி வந்த நூறு பீடிக் காசு.

அந்த அம்மா இன்னிக்கி ரேஷன் கடைக்குப் போனா மெஷின் கைரேகையை எடுக்கமாட்டேங்குது. எல தேச்சுத் தேச்சு விரல்ல ரேகையே இல்ல. தொடைச்சு வைக்கிறாங்க, ஈரம் பண்ணி வைக்கிறாங்க, வேற விரலை வைக்கிறாங்க. பின்னால வரிசையில நிக்கிறவன் முணுமுணுக்கிறான். கையெழுத்தும் வராது, கைநாட்டும் விழாது. அந்தக் கட்டை விரலைத்தான் புஸ்தகத்துல வரி நடுவுல வெச்சாங்க.

மணி அடிக்கிறீங்க நடுவரே, முடிச்சுடறேன். இந்தக் கூட்டத்துல அப்படிப்பட்ட அம்மாமாருங்க நெறைய பேரு உக்காந்திருக்காங்க. கை தூக்கச் சொல்ல மாட்டேன், பக்கத்துல பிள்ளைங்க இருக்குது. எதிரணி நண்பரை மட்டும் கேட்டுக்கறேன். இந்த மைக்கைப் பிடிங்க, அவங்க மூஞ்சைப் பாத்துகினு அந்த இனிஷியல் ஜோக்கை இன்னொரு தரம் சொல்லுங்க. நான் உக்காந்து கேக்கறேன்.