வாப்பாட கொரோலாவுக்கு எந்த மனுவல்? அக்கரைப்பற்றுத் தம்பியின் கேள்வி

வணக்கம். இந்தக் கிழமை வந்த கேள்வியில ஒண்டு என்னை ரெண்டு நாளா விடல்ல. அக்கரைப்பற்றில இருந்து ஒரு தம்பி குரல் பதிவு அனுப்பியிருக்கார். "அண்ணன், வாப்பா ஓடின டொயோட்டா கொரோலா கார், கே.இ. 70 மொடல், வீட்டில சும்மா நிக்குது. நானே செய்து எடுக்கப் போறன். ரிப்பேர் மனுவல் எது நல்லம், எங்க எடுக்கலாம்? போனில இறக்கிற பி.டி.எஃப் போதுமா?" எண்டு கேக்கிறார். கார் பழுதாப் போனா நல்ல பாஸ் (மெக்கானிக்) ஆரு எண்டுதான் எல்லாரும் கேப்பாங்க. புத்தகம் கேட்டு வந்த முதல் ஆள் இவர். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதால இண்டைக்குக் கொஞ்சம் நீளும்.

தம்பி, புத்தகத்தைத் தேட முதல் பொனட்டைத் திறங்க. முந்தி ஒரு கிழமை பற்றரி எர்த், அதாவது பற்றரியைக் காரின்ட இரும்பு உடம்போட கட்டுற வயர், பற்றிக் கதைச்ச அண்டைக்கும் இதைத்தான் சொன்னன், திரும்பவும் சொல்றன். என்ஜின் பிளாக்கில நம்பர் அடிச்சிருக்கும். துணியில மண்ணெண்ணெய் தொட்டு கிறீஸைத் துடைச்சுப் போட்டு டோர்ச் அடிச்சுப் பாருங்க. 4கே எண்டு தொடங்குதா, 5கே எண்டு தொடங்குதா? கே.இ. 70 எண்டா பெரும்பாலும் 4கே என்ஜின், 1290 சீசீ. ஆனா இத்தனை வருஷம் ஓடின காருக்குள்ள கொம்பனி வச்ச என்ஜின்தான் இருக்கு எண்டு ஆரும் சத்தியம் பண்ண ஏலாது. டவுன்ஏஸ், லைட்ஏஸ் வேனில வந்த 5கேயைத் தூக்கி வச்ச கார் இருக்கு. அது 1486 சீசீ. வெளியால பாத்தா ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரித்தான். உள்ளுக்க 4கே சிலிண்டர் அகலம் 75 மில்லிமீற்றர், 5கே 80.5. 4கே புத்தகத்தைப் பாத்து பிஸ்டன் ரிங் செட் வாங்கிக்கொண்டு வந்து, உள்ளுக்க 5கே இருந்தா, அதை மாத்தக் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் ரெண்டு தரம் பஸ் ஏறணும்.

மறுகா, "கொரோலா 1980" எண்டு மட்டும் தேடாதீங்க. அப்பிடித் தேடினா அமெரிக்காப் புத்தகம்தான் முன்னுக்கு வரும். அந்த வருஷம் அமெரிக்காவுக்குப் போன கொரோலாவில 3டி-சி எண்டு வேற என்ஜின், 1.8 லீற்றர். ஸ்டியரிங்கும் இடப்பக்கம். புகைக் கட்டுப்பாட்டுக்கு ஓடுற வக்யூம் குழாய் படம் மட்டுமே பக்கம் பக்கமாப் போகும், உங்கட காரில அதில பாதி இருக்காது. "கே.இ. 70, 4கே" எண்டு போட்டுத் தேடுங்க. அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் எழுதின புத்தகம் நமக்குக் கிட்ட வரும், அங்கயும் வலப்பக்க ஸ்டியரிங். ஹெய்ன்ஸ் கொம்பனி ஒரு காரை முழுசாக் கழட்டி, திரும்பப் பூட்டிப் பாத்து எழுதின முதல் மனுவலை 1966இல விட்டது. வீட்டில தனியா செய்யிற ஆளுக்கு அந்த மாதிரி எழுத்து விளங்கும். டொயோட்டாவே விட்டது பாஸ்மாருக்கு எழுதினது, அதில என்ஜின் புத்தகம் வேற, செசி (என்ஜின் தவிர்ந்த மற்றப் பாகங்கள்) புத்தகம் வேறயா வரும். என்ஜினைப் பிரிக்கப் போறீங்க எண்டா அதுதான் வேணும். ஓனர்ஸ் மனுவலையும் பார்ட்ஸ் கட்டலொக்கையும் ரிப்பேர் மனுவல் எண்டு சொல்லி விப்பாங்க, கவனம்.

பழைய புத்தகம் எண்டா கொழும்பு போனா டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில பழைய புத்தகக் கடையளைப் பாருங்க. அதுக்கும் முதல் நம்மட பக்கத்தில வேலையை விட்டிட்டு வீட்டில இருக்கிற பழைய பாஸ்மாரைப் போய்ப் பாருங்க. பிள்ளையள் வெளிநாட்டில இருக்கும், புத்தகம் அலுமாரிக்கு மேல கிடக்கும்.

பி.டி.எஃப் போதும் தம்பி. ஆனா இறக்கினவுடன கடைசிப் பக்கத்துக்குப் போங்க. வயரிங் படம் மடிச்ச தாளில இருக்கும், ஸ்கேன் பண்ணுற ஆக்கள் அதை விட்டிருவாங்க. இருந்தா அதை மட்டும் ஏ3 தாளில அடிச்சு பிளாஸ்டிக் போட்டு எடுங்க, போனில பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாத்தா ஒரு வயரைக் கடைசி வரை பின்தொடர ஏலாது. ஜப்பான் படத்தில 'எல்' எண்ட எழுத்து நீலம், 'பி' எண்டா கறுப்பு. டொயோட்டாவில வெள்ளையில கறுப்புக் கோடு போட்ட வயர் எர்த். நம்மட கடற்கரை உப்புக் காத்துக்கு முதல்ல செத்துப் போறது அந்த எர்த் கட்டின இடம்தான்.

டோர்க் அளவையும், அதாவது பொல்ட்டை எவ்வளவு பலமா இறுக்கணும் எண்டதையும், எந்த அலகில இருக்கு எண்டு பாருங்க. என்ட கராஜில ஒரு பொடியன், புத்தகத்தில 60 இருந்தது, ரெஞ்சையும் 60க்கு வச்சான். புத்தகம் நியூட்டன் மீற்றர், ரெஞ்ச் அடி-றாத்தல். 60 அடி-றாத்தல் எண்டா 81 நியூட்டன் மீற்றர். 'டிக்' எண்டு ஒரு சத்தம், பொல்ட்டுத் தலை கையோட வந்திட்டு.

இப்ப ஒண்டு சொல்றன், தம்பி கேக்காததுதான். எங்கட அப்பாட்ட மொரிஸ் மைனர் இருந்தது. அதுக்குப் புத்தகமும் இருந்தது. புத்தகத்தில பொசிட்டிவ் எர்த், அதாவது பற்றரியின்ட பிளஸ் முனையைக் காரின்ட உடம்போட கட்டுறது, எண்டு தெளிவாப் போட்டிருக்கு, மைனர் அப்பிடித்தான் வந்தது. நான் புத்தகத்தை நம்பிப் பற்றரியைக் கொழுவினன். முதல் வச்சிருந்த ஆள் பற்றரியைச் சார்ஜ் பண்ணுற டைனமோவைக் கழட்டிப் போட்டு ஆல்டர்னேட்டர் வச்சு நெகட்டிவ் எர்த்துக்கு மாத்தியிருக்கார். ஒரு துண்டுக் கடதாசியில கூட எழுதி வைக்கல்ல. ஆல்டர்னேட்டர் டயோட் எல்லாம் ஒரு நிமிஷத்தில போச்சு. புத்தகத்துக்குத் தெரியிறது தொழிற்சாலையால வெளிய வந்த அண்டைய காரைத்தான். அதுக்குப் பிறகு நடந்ததை எழுத ஒரு கொப்பி வேணும். 80 பக்கக் கொப்பி காணும். திகதி, மீற்றர் கணக்கு, என்ன மாத்தினது, எந்த வாகனத்துச் சாமான் போட்டது.

வாப்பா எழுதியிருக்க மாட்டார் எண்டு நினைக்காதீங்க. டாஷ்போர்ட் லாச்சியைத் திறந்து பழைய பில்லுகளைப் பாருங்க. போர் வெட்டின, அதாவது தேஞ்ச சிலிண்டரைக் கொஞ்சம் பெருப்பிச்ச, பில் இருந்தா அதில 0.50 எண்டோ 0.75 எண்டோ ஓவர்சைஸ் போட்டிருக்கும். அந்த அளவு ஒரு மனுவலிலயும் உங்கட காருக்கு எண்டு இருக்காது. அதைக் கொப்பியில முதல் பக்கத்தில எழுதிப் போட்டு, என்ஜின் நம்பரைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. 4கேயா 5கேயா எண்டு பாத்திட்டு வாற கிழமை காபரேட்டரோட தொடங்குவம்.