வேள்வித் தீயும் அம்பிகையும்

(திருகோணமலையில் நவராத்திரிக் காலத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஆலய பரிபாலன சபையினரே, சிவாச்சாரியப் பெருமக்களே, அம்பாளின் அடியார்களே, அனைவருக்கும் வணக்கம்.

கோணேசர் மலையில் மாதுமையாளாகவும் நகரில் பத்திரகாளியாகவும் அன்னை வீற்றிருக்கும் இத்திருகோணமலையில், நவராத்திரி வந்துவிட்டால் கும்பம் வைத்துப் பூசை செய்கிறோம். சண்டி ஹோமமும் செய்விக்கிறோம். குண்டத்தைச் சுற்றி அமர்ந்திருக்கும் நம்மிடம் இந்தத் தீ என்ன செய்கிறது என்று ஒருவர் கேட்டால், நாம் இடும் பொருளை அக்கினி பகவான் தேவியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறார் என்றே பெரும்பாலோர் விடை சொல்வோம். அது பிழையன்று, இருக்கு வேதமே அக்கினியைத் தூதன் என்று போற்றுகிறது. ஆயினும் அம்பிகையை முன்னிட்டுச் செய்யும் வேள்வியில் அந்த விடை பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பது என் கருத்து.

முண்டக உபநிடதம் தீயின் ஏழு நாக்குகளையும் பெயர் சொல்லிக் கூறும்போது முதலில் வைக்கும் பெயர் காளி, அடுத்தது கராளி. லலிதா சகஸ்ரநாமம் தன் தொடக்கத்திலேயே அன்னையைச் 'சிதக்னிகுண்டசம்பூதா' என்று, அறிவாகிய அக்கினி குண்டத்தில் தோன்றியவளாக அழைக்கிறது. தேவி மாகாத்மியத்தின் இரண்டாம் அத்தியாயத்திலோ, மகிடாசுரனிடம் தோற்ற தேவர்களிடமிருந்து புறப்பட்ட பேரொளி ஒன்றுகூடி, எரிகின்ற மலைபோல் திசையெங்கும் சுவாலை பரப்பி நின்று, அதன் பின்னரே பெண்ணுருக் கொள்கிறது. ஆகவே குண்டத்தில் எழுகின்ற தீ, எங்கோ இருக்கும் தேவிக்கு நம் காணிக்கையைச் சுமந்து செல்வதன்று. அவளே அங்கு நா நீட்டி ஏற்றுக்கொள்கிறாள். தீயில் இடும் பொருளாகிய ஆகுதியோடு சொல்லப்படும் 'ஸ்வாஹா'வும் அவளே என்று, அந்நூலின் முதல் அத்தியாயத்தில் பிரமன் துதிக்கிறான்.

அப்படியானால் நாம் கொடுப்பதுதான் எதை? நெய்யும் சமித்தாகிய குச்சிகளும் பாயசமும் அவள் தந்தவை. ஆகுதி விழும்போது, சங்கற்பம் செய்துகொண்டவர் 'இதம் ந மம', அதாவது 'இது என்னுடையதன்று' என்று சொல்ல வேண்டும் என்பது விதி. மந்திர ஓசையில் அந்தச் சிறு வாக்கியம் பலருடைய காதில் விழுவதே இல்லை. வேள்வியின் நிறைவாக இடும் பூர்ணாகுதியில் எத்தனை பட்டுச்சேலைகள் இடப்பட்டன, அவற்றுள் எது யாருடைய உபயம் என்று விசாரிப்பதில் நமக்கு இருக்கும் ஆர்வத்தில் ஒரு பங்கு இதன்மேல் இருந்திருக்கலாம். (கைத்தொலைபேசியில் படம் பிடிப்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.)

சண்டி ஹோமத்தில் ஓதப்படும் தேவி மாகாத்மியத்தின் 13 அத்தியாயங்களும் 700 மந்திரங்களும் இந்த 'என்னுடையது' என்ற எண்ணத்தையே சுற்றி அமைந்திருக்கின்றன. நாட்டை இழந்த சுரதன் என்ற அரசனும், மனைவி மக்களால் விரட்டப்பட்ட சமாதி என்ற வணிகனும் காட்டில் மேதஸ் முனிவரிடம் வருகிறார்கள். தன்னைக் கைவிட்டவர்களையே நினைத்து மனம் ஏன் இன்னும் உருகுகிறது என்பதுதான் அவர்களுடைய கேள்வி. வீட்டையும் உறவையும் ஒரே நாளில் இழந்தவர்கள் வாழும் இம்மாவட்டத்தில் அக்கேள்விக்கு உரை தேவையில்லை. முனிவர் தேவியின் கதையைச் சொல்ல, இருவரும் ஆற்றங்கரையில் மண்ணால் அவள் உருவைச் செய்து, மலராலும் தூபத்தாலும் தீயிலிட்ட ஆகுதியாலும் மூன்று ஆண்டுகள் வழிபட்டார்கள். அவள் தோன்றியபோது அரசன் தன் அரசை மீண்டும் கேட்டான். வணிகன், 'நான்', 'எனது' என்ற பற்றை அறுக்கும் ஞானத்தைக் கேட்டான். அன்னை இருவருக்கும் கேட்டபடியே கொடுத்தாள். அரசு கேட்டவனைக் கடிந்துகொள்ளவில்லை. ஆதலால், பிள்ளையின் பரீட்சைக்காகவும் மகளின் கலியாணத்துக்காகவும் ஹோமத்துக்குப் பெயர் கொடுப்பவர்களைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. எனினும் ஸ்வாஹாவின் பொருளை முழுவதும் வாழ்ந்து காட்டியவன் அந்த வணிகனே.

இனி, நம் கிழக்கு மாகாணத்து அம்மன் ஆலயங்களில் நடக்கும் தீமிதிப்பை ஆகமத்துக்குப் புறம்பான நாட்டார் வழக்கு என்று ஒதுக்கிப் பேசுவோர் உண்டு. பாண்டிருப்பில் எவளுக்காகத் தீக்குழி இறங்குகிறார்களோ, அந்தத் திரௌபதை துருபதனின் வேள்வித் தீயில் பிறந்தவள். ஹோமத்தில் பொருளைத் தீயில் இட்டு 'என்னுடையதன்று' என்கிறோம். நோன்பிருந்து தீயில் இறங்குபவரோ தம் உடம்பையே முன்வைத்து அதைச் சொல்கிறார். அதற்கு அவர் சமஸ்கிருதம் படித்திருக்க வேண்டியதில்லை.