குளத்து நீர்மட்டம் யாருடைய கணக்கு?
(கிளிநொச்சியில் கமக்காரர்களும் வாசகர் வட்ட இளைஞர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, கமக்காரப் பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கையரே, வணக்கம்.

நம் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் அடியிலும் அங்குலத்திலும் அளக்கப்பட்டுப் பதிவேட்டில் ஏறுகிறது. கோடையில் செய்யும் சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எவ்வளவு பங்கு என்று கூட்டத்தில் நாம் தீர்மானிப்பது அந்த எண்ணை வைத்துத்தான். மாரியில் மிகை நீரை வெளியேற்றும் வான்கதவைத் திறப்பதும் அதை வைத்துத்தான். 2018 டிசம்பர் வெள்ளத்தைக் குளத்தின் கீழே இருக்கும் கண்டாவளைப் பக்கத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கதவுகள் எந்த நேரம் திறக்கப்பட்டன, இன்னும் முன்னதாகத் திறந்திருக்கலாமா என்று அதன் பிறகு நெடுநாள் வாதம் நடந்தது. மணிக்கு மணி நீர்மட்டம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்திருந்தால் அந்த வாதம் ஊகத்தில் நடந்திராது. அதைவிட முக்கியம், குளத்தின் கீழே குடியிருப்பவர்கள் நெல்மூட்டையையும் மாடு கன்றையும் நேரத்தோடு மேட்டுக்கு ஏற்றியிருப்பார்கள்.

இளைஞர்கள் என்னிடம் கேட்பது இது: "ஐயா, நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கணக்கை நாங்கள் எடுத்து இணையத்தில் போட்டால் பதிப்புரிமை வழக்கு வருமா?" இந்தப் பயம் வன்னியில் பலருக்கு இருக்கிறது. அரசாங்கத்தின் தாள் என்றாலே கைவைக்கக் கூடாது என்று பழகிவிட்டோம். ஆனால் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 8ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். வெறும் தரவுக்குப் பதிப்புரிமை இல்லை என்று அது தெளிவாகச் சொல்கிறது. சட்டவாக்க, நிர்வாக, சட்டத் தன்மை கொண்ட உத்தியோகபூர்வ வாசகங்களுக்கும், அவற்றின் உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்புகளுக்கும் இல்லை. குளத்தின் நீர்மட்டம் எந்தத் திணைக்களத்தின் படைப்பும் அல்ல. மழை பெய்தது, ஒருவர் அளந்தார், அவருக்கு நம் வரிப்பணத்தில் சம்பளம் கொடுத்தோம். வரைந்த நிலப்படம், எடுத்த புகைப்படம், எழுதிய ஆய்வறிக்கை ஆகியவற்றின் கதை வேறு. அவற்றை முழுதாகப் பிரதி எடுத்துப் போடுவதற்கு முன் அனுமதி கேளுங்கள். எண்ணுக்கு அந்தத் தயக்கம் வேண்டாம்.

சட்டம் பூட்டாத தரவை வடிவம் பூட்டி வைத்திருக்கிறது என்பதே என் முறைப்பாடு. எண்கள் பதிவேட்டிலேயே கிடக்கின்றன. வெளியே வந்தாலும் படம்பிடித்த பி.டி.எப். கோப்பாக வருகின்றன. அதில் ஒரு சொல்லைத் தேடவும் முடியாது, ஒரு நிரலைக் கூட்டவும் முடியாது.

காணி விடயத்தில் இது எவ்வளவு பாரதூரமானது என்பதற்கு 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி சாட்சி. வடக்கில் ஏறத்தாழ ஆறாயிரம் ஏக்கர் காணி, அதில் முல்லைத்தீவு, கிளிநொச்சிக் காணிகளும் அடக்கம். மூன்று மாதத்துக்குள் உரித்தை நிரூபிக்காவிட்டால் அரச காணி. எதிர்ப்பு எழுந்து, உயர் நீதிமன்றம் வரை போன பிறகுதான் அது நின்றது. நான் கேட்கிறேன்: காணி உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் இடப்பெயர்வில் தொலைத்துவிட்டு, வயலே கதி என்று கிடக்கும் ஒருவர் தன் காணி அதில் இருக்கிறது என்று எப்படி அறிவார்? வர்த்தமானியை இணையத்தில் ஏற்றிவிட்டால் அவருக்கு அறிவித்ததாகுமா? கிராம அலுவலர் பிரிவு வாரியாக, தமிழில், தேடக்கூடிய பட்டியலாக அது வெளிவந்திருந்தால், கைபேசி வைத்திருக்கும் பேரப்பிள்ளை ஒரே மாலையில் கண்டுபிடித்துச் சொல்லியிருப்பான்.

கேட்பதற்கு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. ஏன் கேட்கிறீர்கள் என்று உங்களிடம் காரணம் கேட்க முடியாது. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு உண்டு. ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டம் என்றால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே விபரத்தை வெளியிட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. உங்கள் ஊர் மதகும் வாய்க்காலும் அந்தக் கணக்குக்குள் வரலாம், விசாரித்துப் பாருங்கள்.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பாக இருக்கிறேன். மனிதரின் பெயர்ப்பட்டியல் வேறு விடயம். இந்த மண்ணில் பெயர் பதிவது என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். உதவி பெறுவோரின் அடையாள அட்டை இலக்கம், தனித்து வாழும் பெண்ணின் முகவரி, காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடும் தாயின் தொலைபேசி எண் ஆகியவை எந்தத் தரவுத் தளத்திலும் பொதுவில் கிடக்கக் கூடாது. 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் ஒருபுறம் இருக்க, வட்ஸ்அப் குழுவில் பட்டியலைப் படமெடுத்துப் போடும் வழக்கத்தை இன்றே நாம் நிறுத்த வேண்டும். குளத்தைத் திறந்து காட்டுங்கள், ஆட்களைக் காட்டாதீர்கள்.

2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையத்தில் இடும் பொய்யான கூற்றைக் குற்றமாக்குகிறது. எது பொய் என்று யார் தீர்மானிப்பது என்ற அச்சம் எனக்கும் உண்டு; அந்தச் சட்டம் திருத்தப்பட வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. அதுவரை நமக்குக் காவல் ஆதாரம்தான். எந்த எண்ணைப் போட்டாலும் திகதி, நேரம், எந்த அலுவலகத்தின் பதிவு என்பதைச் சேர்த்துப் போடுங்கள். அலுவலகம் தந்த பிரதியைக் கோவையில் வைத்திருங்கள்.

மாரியில் செய்யும் காலபோகத்துக்கான கூட்டத்துக்கு முன் ஒரு விண்ணப்பம் போக வேண்டும். இரணைமடுவின் கடந்த பத்து ஆண்டு நாளாந்த நீர்மட்டம், வான்கதவு திறந்த நேரங்கள், எக்செல் கோப்பாக. விண்ணப்பப் படிவங்கள் பின்மேசையில் இருக்கின்றன. கணினி தெரிந்த பிள்ளைகள் நான்கு பேர் கூட்டம் கலைந்த பிறகு நில்லுங்கள், வசனத்தை இப்போதே எழுதிவிடுவோம்.